பரிசலுக்கு எதற்குப் பச்சை வேஷம்?

பரிசல் என்றாலே கறுப்புதான். மூங்கிலைப் பிளந்து பின்னி, மேலே சாக்கையோ தார்ப்பாயையோ இழுத்துக் கட்டி, தார் பூசிக் காயவைத்தால் வேறென்ன நிறம் வரும்? இப்போது ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளலாம். கூடவே அமெரிக்க வாத்து வேட்டைப் படகுகளின் வீடியோவும் கைபேசிக்கு வந்துவிட்டது.

அதில் காட்டும் மறைப்புப் பெயின்ட் வேலை பெரிதில்லை. முதலில் மினுமினுப்பில்லாத காக்கி ஒரு கோட். அது காய்ந்ததும் கோரைத் தண்டுகளைப் படகின்மேல் சாய்த்துப் பிடித்து, கரும்பச்சையும் பழுப்பும் ஸ்பிரே செய்ய வேண்டும். தண்டை எடுத்தால் அதன் அச்சு மட்டும் நிற்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் படகு தெரியாது, புதர்தான் தெரியும். ஸ்பிரே கன் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு ஓசூரில் பஞ்சமா?

ஆனால் அந்த வீடியோவில் வருபவர் உரிமம் வாங்கியவர். எந்தப் பருவத்தில் சுடலாம், ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்று அவர் நாட்டில் கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு பருவமும் இல்லை, கணக்கும் இல்லை.

சட்டம் எதை வேட்டை என்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. சில பறவைகளையும் விலங்குகளையும் உரிமம் பெற்றுச் சுட அப்போது வழி இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்தது. ஆளுக்கு ஆபத்தான விலங்கு, ஆராய்ச்சி போன்ற சில காரணங்களுக்கு மட்டும் எழுத்துமூல அனுமதி உண்டு. பொழுதுபோக்குக்கும் கறிக்கும் கிடையாது.

சுட்டு விழுந்தால்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் கண்ணி வைப்பது, துரத்துவது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டை. முயற்சி செய்தாலே போதும். ஏரியில் நீந்தும் நாமக்கோழி, குளிர்காலத்தில் வந்துபோகும் நீலச்சிறகி, வயலில் நிற்கும் மடையான் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். “கொக்குக் கறிதானே” என்று வாங்கிச் சாப்பிடுபவரும் தப்ப முடியாது. கறி கையில் இருந்தால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை உயர்த்தியது. பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரிக் காடுகளைச் சேர்த்து 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். முதலை, நீர்நாய், நன்னீர் ஆமை எல்லாம் இங்கே உண்டு. “எங்க தாத்தா காலத்துல இருந்து போற இடம்” என்ற பதில் வழக்கில் எடுபடாது. எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனாலும் இதே மத்தியச் சட்டம்தான்.

பெயின்ட் அடித்தவருக்கு என்ன?

பச்சைப் பெயின்ட் அடிப்பது குற்றமில்லை. பறவைகளைப் படம் எடுப்பவரும் மறைவுக் கூடாரம் கட்டுவார். சரணாலயத்துக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். வேட்டைக்கு என்று தெரிந்தே அடித்துக் கொடுத்தால்தான் சிக்கல். குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவரையும் குற்றம் செய்தவராகவே இந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பார்க்கிறது. குற்றத்துக்குப் பயன்பட்டதாகப் பறிமுதலான படகும் வண்டியும் அரசுக்குப் போக 39ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியும் கூட இருந்தால் ஆயுதச் சட்ட வழக்கு தனி.

மறைந்தவனுக்கே ஆபத்து

2023 பிப்ரவரியில், சேலம் மாவட்டம் கோவிந்தபாடியிலிருந்து இரவில் பரிசலில் கர்நாடக எல்லையிலுள்ள பாலாற்றுப் பக்கம் போனவர்கள்மீது கர்நாடக வனத்துறையினர் சுட்டனர். ஒருவரின் உடல் பிறகு ஆற்றில் கிடைத்தது. மான் வேட்டைக்கு வந்தார்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கத்தான் போனார்கள் என்றது குடும்பம். உண்மை எதுவாக இருந்தாலும், எல்லைக் காட்டு நீரில் இருட்டில் பரிசல் எப்படிப் பார்க்கப்படும் என்பதை அந்த இரவு காட்டிவிட்டது.

சட்டத்தை விடுங்கள். பரிசல் கவிழ்ந்தால் தேடி வருபவர் கண்ணுக்கும் அந்தப் பெயின்ட் புதராகத்தான் தெரியும். உயிர்காக்கும் மேலங்கியை ஆரஞ்சு நிறத்தில் செய்வது எதற்காக?

என்ன செய்யலாம்?

• மீன்பிடிக்கப் பரிசல் வைத்திருப்பவர் அனுமதிச் சீட்டைக் கையோடு வைத்திருங்கள். பளிச்சென்ற நிறமே நல்லது.

• வீட்டில் பழைய நாட்டுத் துப்பாக்கி கிடந்தால் ஒளிக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களோடு போய் வனத்துறையிடமோ காவல்துறையிடமோ ஒப்படைப்பது பற்றிப் பேசுங்கள்.

• கைதானாலும் உரிமைகள் போய்விடாது. காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவரிடம் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

• வேட்டையைப் பார்த்தால் நீங்களே மடக்கப் போகாதீர்கள். இடம், நேரம், வண்டி எண்ணைக் குறித்து ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அவசரமென்றால் 112. நடவடிக்கை இல்லையென்றால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, பொதுமக்களில் எவரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் தரலாம். 55ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோரைத் தண்டும் காக்கிப் பெயின்டும் கொண்டுவந்து படகை நீட்டினால், கம்ப்ரசரை ஓட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை எந்தத் தண்ணியில விடப்போறீங்கண்ணா?”