வீட்டு நாய், பூனைகளுக்கு வரும் நோய்கள்

கமக்காரர் வீடுகளில் நாயும் பூனையும் அழகுக்காக வளர்க்கப்படுவன அல்ல. வயற்காவலுக்கும் பன்றி விரட்டுவதற்கும் நாய் உதவுகின்றது. நெல் மூட்டைகளை எலியினின்றும் காப்பதற்குப் பூனை உதவுகின்றது. ஆயினும், மாட்டுக்கு நோய் கண்டால் அன்றே மிருக வைத்தியரை நாடுவோர், நாய் இரண்டு நாள் உண்ணாது கிடப்பினும் அது தானே எழும்பும் என விட்டுவிடுகின்றனர். இவ்வழக்கம் நன்றன்று. கமக்காரர் மிதிக்கும் சேற்றையே இப்பிராணிகளும் மிதிக்கின்றன. அவர் தெளிக்கும் மருந்து படிந்த மண்ணிலேயே படுக்கின்றன. இவற்றுக்கு வரும் நோய்களுட் சில வீட்டாரையும் பற்றுவனவாம்.

அவற்றுள் முதன்மையானது விசர் எனப்படும் நீர்வெறுப்பு நோய். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் வேலை பரவியதன் பயனாக, அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்குக் கீழ் இறங்கியுள்ளது. எனினும், நோய்க்குறி தோன்றியபின் மனிதரையோ மிருகத்தையோ காப்பாற்றுவது பெரும்பாலும் இயலாத காரியமே. ஆகவே ஆண்டுதோறும் நாய்க்கும் பூனைக்கும் ஊசி ஏற்றுதல் இன்றியமையாதது. குட்டிக்கு முதல் ஊசி எப்போது ஏற்றவேண்டும் என்பதை மிருக வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறிக.

விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்பது பலரின் எண்ணம். அவ்வச்சம் மனிதருக்கு வரும் குறியேயன்றி நாய்க்குரியது அன்று. எனவே, நாய் நீர் குடிக்கின்றது, ஆதலால் விசர் இல்லை என்று முடிவு செய்தல் ஆபத்தானது. குணம் மாறுதலையே முதலிற் கவனிக்க வேண்டும். பழகிய நாய் இருட்டில் ஒளிந்துகொள்ளும்; காரணமின்றிக் கடிக்கும்; மரத்தையும் மண்ணையும் கடித்து விழுங்கும்; குரல் மாறும். சில நாய்கள் வெறிகொள்ளாது, வாய் தொங்கி, உமிழ்நீர் வடிய, விழுங்க இயலாது நிற்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது எனக் கருதி இத்தகைய நாயின் வாயினுட் கையை விடுவோர் உளர். மாட்டின் வாயிலும் இவ்வாறே கை விடுகின்றனர். ஒருபோதும் இவ்வாறு செய்தலாகாது.

நாய் அல்லது பூனை கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு முதலியன பூசற்க. கடித்த பிராணியை அடித்துக் கொல்லாது, கட்டிவைத்து 14 நாட்கள் அவதானிக்க வேண்டும். ஆனால், அந்நாட்கள் கழியட்டும் என்று வைத்தியரிடம் செல்வதைப் பின்போடுதல் தகாது. பிராணி இறந்துவிட்டால், வெறுங்கையால் தொடாது உடனே சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவும். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதன் மூளையைச் சோதித்து நோயை உறுதிசெய்ய முடியும்.

குட்டிகளை மிகுதியாகக் கொல்வது பாவோ வைரசு நோய். 1978ஆம் ஆண்டளவில் உலகின் பல பாகங்களிலும் பரவிய இது, வாந்தியும் நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலுமாக வெளிப்படும். இரண்டொரு நாளில் உடல்நீர் வற்றிக் குட்டி சாகும். இக்கிருமி மண்ணிற் பல மாதங்கள் உயிர்த்திருக்குமாதலால், ஒரு குட்டி இறந்த வளவில், ஊசி ஏற்றாத வேறு குட்டியை உடனே கொண்டுவந்து விடுதல் கூடாது. பூனைக்கும் இதற்கு ஒப்பான நோய் உண்டு. டிஸ்டெம்பர் என்பது இன்னொன்று. கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிதல், இருமல், பின்னர் வலிப்பு என்பன அதன் குறிகள். இவற்றுக்கும் தடுப்பூசிகள் உள.

நெற்செய்கையாளர் தனியாகக் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீருடன் வெளியேறும் பற்றீரியா, வயற் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து, காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக உடலினுட் புகுகின்றது. நோயுற்ற நாய் காய்ச்சலோடு உணவை வெறுக்கும். தசைநோவால் நடக்கத் தயங்கும். கண்ணும் முரசும் மஞ்சளாகும். நோய் தணிந்த பின்னும் சிறிது காலம் அதன் சிறுநீரிற் கிருமி வெளிவரலாம். கையுறை அணிந்தே அவ்விடத்தைச் சுத்தம் செய்க. நாய்க்கு இந்நோய் கண்டால் வீட்டாருக்கும் அதே எலிகளாலும் அதே நீராலும் ஆபத்து உண்டு என்பதை உணர்ந்து, காய்ச்சல் வந்தவுடன் வைத்தியரிடம் சென்று வயல் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். போகத் தொடக்கத்தில் டொக்சிசைக்ளின் மாத்திரை வேண்டுமா என்பதைச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்தறிக.

உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நில்லாது, இரத்தத்திற் கிருமிகளையும் புகுத்துகின்றது. வெளிறிய முரசு, காய்ச்சல், கருஞ்சிவப்பான சிறுநீர், மூக்கால் இரத்தம் வடிதல் ஆகியன கண்டால் தாமதித்தல் கூடாது. உண்ணியை ஒழிப்பதற்கெனப் பயிருக்குத் தெளிக்கும் பீடைநாசினியை நாயின்மேற் பூசுவோரும் உளர். வெண்டிக்கும் மிளகாய்க்கும் அளவிட்ட நஞ்சு நாயின் தோலுக்கு ஏற்றதன்று. அது தோலாலும் நக்குவதாலும் உட்சென்று, வாய்நீர் ஒழுகுதல், நடுக்கம், வலிப்பு என்பவற்றை உண்டாக்கி உயிரைப் போக்கும். தவறி நேர்ந்துவிட்டால், கையுறை அணிந்து சவர்க்கார நீராற் கழுவி, மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் விரைக. வெற்றுப் போத்தலையும் தெளிகருவி கழுவிய நீரையும் பிராணிகள் அணுகும் இடத்தில் விடாதீர்.

பூனை விடயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. நாய்க்குரிய சில உண்ணி மருந்துகளிற் சேரும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். மனிதர் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கப் போதுமானது. பூனையின் ஈரல் இவற்றை எளிதிற் சிதைக்க வல்லதன்று.

புழுக்கள் எளிதில் அடக்கத்தக்கன. வட்டப்புழு தாயின் கருப்பையிலேயே நாய்க்குட்டியைப் பற்றும். ஆதலால் இரண்டு வார வயதிலிருந்தே குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்கி, பின்னர் வைத்தியர் கூறும் இடைவெளியில் தொடர்க. கொழுக்கிப் புழு இரத்தத்தை உறிஞ்சுவதாற் குட்டி வெளிறி மெலியும். அதன் குடம்பிகள் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலுள்ள மனிதரின் தோலினுள்ளும் நுழைந்து, வளைந்து வளைந்து செல்லும் அரிப்பை உண்டாக்கும்.

மரக்கறிப் பாத்தியின் கிளறிய மண் பூனைக்கு மிக விருப்பமான இடம். அதன் மலத்திலுள்ள சில கிருமிகள் கருவுற்ற பெண்ணின் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியன. அவை தொற்றும் வலுப் பெறுவதற்கு ஒரு நாளேனும் செல்லுமாதலால், மலத்தை அன்றாடம் அகற்றிப் புதைப்பது பயன்தரும். புதிய பாத்திகளை முட்கொப்புகளால் மூடி வைக்கலாம். கருவுற்றோர் கையுறையின்றி அம்மண்ணைக் கிளறாதிருப்பதும், கீரையும் சலாதும் பறித்தபின் ஓடும் நீரில் நன்கு கழுவுவதும் வேண்டும்.