கன்ஸாஸ் கூடைப்பந்து: முதலிடம் எந்தக் குருவுக்கு?

கூடைப்பந்து விளையாட்டைக் கண்டுபிடித்தவரே ஓர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து, வென்றதைவிட அதிகமாகத் தோற்றார் என்றால் நம்ப முடிகிறதா? அமெரிக்காவின் கன்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் அதுதான் நடந்தது.

1891 டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கடியில் ஆடுவதற்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1898இல் கன்ஸாஸுக்கு வந்தார். 1907 வரை அவருடைய கணக்கு: வெற்றி 55, தோல்வி 60. அவர் முதல் 2024 வரை அந்தப் பதவியில் இருந்தவர்கள் எட்டே பேர். அவர்களில் தோல்வி மிஞ்சியவர் இவர் ஒருவர்தான்!

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலிடம் பில் செல்ஃபுக்கு. 2003இல் பொறுப்பேற்றவர், 2008, 2022 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். 2022 இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது 15 புள்ளி பின்தங்கியிருந்த அணி, 72-69 என்று வென்றது. தகுதியில்லாத ஆட்டக்காரர் ஒருவர் ஆடியதற்காக 2018ஆம் ஆண்டு வெற்றிகளில் 15 அடிக்கப்பட்டன. அப்படியும் 2024 நவம்பரில் 591ஆவது வெற்றியைப் பெற்று, பழைய சாதனையைத் தாண்டினார்.

அந்தப் பழைய சாதனைக்கு உரியவர் ‘ஃபாக்’ ஆலன். மூடுபனியில் கப்பலுக்கு ஊதும் சங்கு போன்ற குரல். அதனால் வந்த பட்டப்பெயர். நெய்ஸ்மித்திடம் ஆடிய மாணவர். ‘இதை ஆடத்தான் முடியும், பயிற்சி கொடுக்க முடியாது’ என்று குருவே சொன்னதாகச் சொல்வார்கள். ஆலன் கேட்டால்தானே! 590 வெற்றிகள், 1952இல் தேசியப் பட்டம். அந்த அணியின் ஏழு பேர் அதே ஆண்டு ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தார்கள். கூடைப்பந்து 1936இல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலும் அவர் உழைப்பு உண்டு. கென்டக்கியை உயர்த்திய அடால்ஃப் ரப், வட கரோலினாவை உயர்த்திய டீன் ஸ்மித் இருவரும் இவரிடம் ஆடியவர்களே.

ஏழடிக்கு மேல் உயரமான வில்ட் சேம்பர்லினைக் கன்ஸாஸுக்கு அழைத்து வந்தவரும் ஆலன்தான். முதலாண்டு மாணவர் முக்கிய அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. அந்த ஓராண்டு முடிவதற்குள் ஆலனுக்கு 70 வயது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! வயதைக் காட்டிக் கணக்கை முடிப்பது நம் ஆபீசுகளில் மட்டும் நடப்பதல்ல. அடுத்து வந்த டிக் ஹார்ப்பின் அணி, 1957 இறுதி ஆட்டத்தில், மூன்று முறை நேரம் நீட்டிய பிறகு, ஒரே புள்ளியில் தோற்றது. ஆலன் இருந்திருந்தால் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே, எனக்கு ஆலன் முதல், செல்ஃப் இரண்டாவது. மூன்றாமிடம் ராய் வில்லியம்ஸுக்கு: 15 ஆண்டில் 418 வெற்றி, பட்டம் மட்டும் இல்லை. வட கரோலினாவுக்குப் போய் மூன்று வாங்கினார்! 1988இல் பட்டம் வென்ற லாரி பிரௌன் ஐந்தாண்டில் புறப்பட்டுவிட்டார். அடுத்த ஆண்டு விதிமீறலுக்காக அணிக்குத் தேசியப் போட்டியில் ஆடத் தடை. அவரை நான்காவதாகத்தான் வைக்க முடிகிறது.

நெய்ஸ்மித்தை எங்கே வைப்பது? 1930களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கன்ஸாஸில் படித்தார். கறுப்பரை அணியில் சேர்க்காத காலம். ஆடாமலே, நெய்ஸ்மித்திடம் பாடம் கேட்டார். பிறகு டென்னஸியில் ஒரு கறுப்பினக் கல்லூரி அணியை 1957 முதல் மூன்றாண்டு தொடர்ந்து சிறு கல்லூரிகளின் தேசியப் பட்டம் வெல்ல வைத்தார். இந்த வெற்றிகளை அந்த 55உடன் யாரும் கூட்டுவதில்லை.

இன்று கன்ஸாஸ் ஆடும் அரங்கத்துக்கு ஆலனின் பெயர். உள்ளே ஆடுதளத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயர். நெய்ஸ்மித்தின் 13 விதிகள் அடங்கிய மூலத்தாள்கள் 2010இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. வாங்கியவர் கன்ஸாஸின் பழைய மாணவர். அவை இப்போது அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில், கண்ணாடிக்குள் இருக்கின்றன.