மின்சார மோட்டாரும் வெப்பக் காவலும்

நம் வயற்கிணறுகளில் ஓடும் மின்சார மோட்டாரின் ஆயுள் அதன் இரும்பைச் சார்ந்ததன்று. செப்புக் கம்பிச் சுருளின் மீதுள்ள மெல்லிய காப்புறையைச் சார்ந்ததேயாம். ‘பி’ வகுப்புக் காப்புறை 130 டிகிரி சென்டிகிரேட் வரை தாங்கும். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரியும் அதன் ஆயுளை ஏறக்குறையப் பாதியாக்கும். மின்னோட்டம் இரட்டித்தாலோ சுருளிற் பிறக்கும் வெப்பம் நான்மடங்காகும்.

ஆதலின் மோட்டாருக்குக் காவலாக ஓவர்லோடு ரிலே அமைக்கப்படுகின்றது. வெவ்வேறளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய பட்டையொன்று, மிகு மின்னோட்டத்தாற் சூடேறி வளைந்து, மோட்டாரை நிறுத்திவிடும். அங்ஙனம் நின்றதும், ரிலேயின் அளவை உயர்த்தி மீண்டும் ஓட்டுவாரை நாம் காண்கின்றோம். இது கூவும் காவற்காரனின் வாயைப் பொத்துவதை ஒக்கும். மும்முனை மின்சாரத்தில் ஒருமுனை அற்றதோ, பம்பு இறுகிற்றோ என முதலில் ஆராய்தல் வேண்டும். காற்றுவழி அடைபடுவதால் மிகும் வெப்பத்தை இந்த ரிலே அறியாது. ஆகவே விசிறியையும் தூய்மையாக வைத்தல் நம் கடனாம்.