பிரவுசர் மக்கர் செய்யும்போது

ஓர் இணையப் பக்கம் கணினித் திரைக்கு வந்துசேர நான்கு இடங்கள் சரியாக இயங்க வேண்டும்: பக்கத்தை வைத்திருக்கும் சர்வர், அதை வீடுவரை கொண்டுவரும் நெட் இணைப்பு, வந்ததைப் படித்துக் காட்டும் பிரவுசர், பிரவுசர் ஓடும் கணினி. எது கெட்டாலும் முதல் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்; பக்கம் திறக்காது, அல்லது பாதியில் நின்றுவிடும். ஆகவே பழுதைச் சரிசெய்வதற்கு முன் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறிய வேண்டும். அதற்கு எதையும் அழிக்கத் தேவையில்லை.

முதலில் வேறு இரண்டு மூன்று தளங்களைத் திறந்து பார்க்கலாம். அவை திறந்தால் நெட் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். அடுத்து, சிக்கல் தரும் பக்கத்தை மொபைல் டேட்டாவில், போனில் திறக்கலாம். அங்கும் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்தில்தான். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. போனில் வந்து கணினியில் வராவிட்டால், கணினியில் இருக்கும் இன்னொரு பிரவுசரில் முயல வேண்டும். குரோமில் வராதது ஃபயர்பாக்ஸில் வந்தால் கோளாறு குரோமுக்குள் இருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் ரௌட்டர், விண்டோஸ், ஆன்டிவைரஸ் ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸ் வேறு அடித்தளம். எனவே ஒப்பிட்டுப் பார்க்க இரு வகையிலும் ஒவ்வொன்று இருப்பது நல்லது.

பிழைச் செய்தி சொல்வது என்ன?

திரையில் தோன்றும் பிழைச் செய்தியைப் பலர் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். 404 என்றால் சர்வர் கிடைத்துவிட்டது, கேட்ட பக்கம் அங்கே இல்லை. முகவரி தவறாக இருக்கலாம், அல்லது பக்கம் நீக்கப்பட்டிருக்கலாம். 403 என்றால் பார்க்க அனுமதி இல்லை. 500, 502, 503 என 5-இல் தொடங்கும் எண்கள் சர்வர் பக்கத்துக் கோளாறைக் குறிப்பவை. தேர்வு முடிவு வெளியாகும் நேரத்தில் எல்லோரும் ஒரே தளத்தை மொய்க்கும்போது 503 வருவது இதனால்தான். அப்போது வீட்டில் எதை மாற்றினாலும் பலனில்லை.

சர்வரின் முகவரியே கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் தடங்கல். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரௌட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடலாம். அடிக்கடி இப்படி நடந்தால், நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாகக் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வேறு வகை. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் காலவரம்புள்ள ஒரு டிஜிட்டல் சான்றிதழை வைத்திருக்கிறது. கணினியின் தேதி தவறாக இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாததுபோலத் தெரியும். பல தளங்களில் ஒரே நேரத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் பழைய டெஸ்க்டாப் தேதியை மறந்தால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது சிஆர் 2032 வகை, கடைகளில் எளிதில் கிடைக்கும். ஒரே ஒரு தளத்தில் மட்டும் எச்சரிக்கை வந்தால் குறை அந்தத் தளத்திலோ இடையிலுள்ள இணைப்பிலோ இருக்கலாம். அது வங்கித் தளமாக இருந்தால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகவே கூடாது.

சேமித்த தகவலா, எக்ஸ்டென்ஷனா?

கோளாறு பிரவுசருக்குள் என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை, அதே பக்கத்தைத் தனி மறை சாளரத்தில் திறப்பது. குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது வரும். ஃபயர்பாக்ஸில் என்னுக்குப் பதில் பி. இந்தச் சாளரம் பழைய குக்கீகளை எடுத்துக்கொள்ளாது. அனுமதி தராதவரை எக்ஸ்டென்ஷன்களும் அதில் இயங்கா. பக்கம் இங்கே சரியாகத் திறந்தால் குற்றவாளி இவ்விரண்டில் ஒன்று.

எக்ஸ்டென்ஷன்களை முழுவதும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கினால் எது கெடுக்கிறது என்று தெரிந்துவிடும். விளம்பரத் தடுப்பான்கள் சில தளங்களில் பணம் செலுத்தும் பொத்தானையே மறைத்துவிடுவது உண்டு.

சேமித்த தகவலை நீக்குவதில்தான் கவனம் தேவை. கேஷ் என்பது பக்கத்தின் படங்கள், கோப்புகள் ஆகியவற்றின் நகல். அதை அழித்தால் இழப்பு எதுவும் இல்லை, அடுத்த முறை பக்கம் சற்று மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். குக்கீ என்பது தளம் பயனரை அடையாளம் காண வைக்கும் குறிப்பு. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி 1994-இல் உருவாக்கியது. அதை அழித்தால் லாகின் போய்விடும். கடவுச்சொற்கள் மூன்றாவது வகை. குரோமில் மூன்றையும் ஒரே பெட்டியில் டிக் செய்து நீக்க முடியும் என்பதால், அவசரத்தில் எல்லாவற்றையும் தேர்வு செய்துவிடக்கூடாது. முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்திப் பக்கத்தைப் புதிதாக இறக்கலாம். பலன் இல்லையென்றால் அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்கலாம்.

மெதுவாக ஓடுவதும் உறைந்து நிற்பதும்

2008-இல் குரோம் வந்தபோது டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாக ஓடவிட்டது. ஒரு டேப் செத்தாலும் மற்றவை பிழைக்கும் என்பது இதன் லாபம். நினைவகம் அதிகம் செலவாவது நஷ்டம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் டேப்கள் பெருகினால் எல்லாமே திணறும். ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் குரோமுக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் நினைவகத்தை விழுங்குகிறது என்று அதில் தெரியும்.

திரை கறுப்பாவது, வீடியோ மினுக்குவது போன்றவற்றுக்குக் கிராஃபிக்ஸ் டிரைவர் காரணமாக இருக்கலாம். அமைப்புகளில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்திப் பார்க்கலாம். அதில் சரியானால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும்.

சில பழுதுகளுக்கு வயதே காரணம். விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் ஓடும் கடைசி குரோம் 2023-இல் வந்த 109-ஆம் பதிப்பு. விண்டோஸ் 10-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவு 2022 ஜூன் 15-இல் முடிந்தது. ஃபிளாஷுக்கு அடோபி அளித்துவந்த ஆதரவு 2020 டிசம்பர் 31-இல் முடிந்ததால், அதை நம்பிய பழைய விளையாட்டுகளும் பாடங்களும் இன்றைய பிரவுசர்களில் ஓடாது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்த் தளங்கள் சில புரியாத குறிகளாகத் தெரிவதும் பிரவுசரின் குற்றமன்று. அந்தக் காலத்துத் தனி ஃபான்ட் கணினியில் இல்லை என்பதே காரணம்.

அழையா விருந்தாளிகள்

முகப்புப் பக்கமோ தேடுபொறியோ தானாக மாறியிருந்தால், இலவச மென்பொருளோடு ஒட்டிவந்த எக்ஸ்டென்ஷனைச் சந்தேகிக்க வேண்டும். திரையின் மூலையில் விளம்பரம் முளைத்துக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி தரப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் அதைத் திரும்பப் பெற்றால் நின்றுவிடும். கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழைக்கவும் என்று திரையை அடைத்து அலறும் பக்கம் வெறும் மோசடி. ஆல்ட், எஃப்4 அழுத்தியோ விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் வழியாகவோ பிரவுசரை மூடிவிடலாம். பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

கடைசி வழிகள்

இவை எதுவும் பலிக்காதபோது ரீசெட் செய்யலாம். குரோமின் ரீசெட், எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி, குக்கீகளை நீக்கி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் தப்பும். ஃபயர்பாக்ஸில் ரிஃப்ரெஷ் என்பது ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது.

பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதைப் பலர் முதல் மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நீக்கும்போது பயனரின் தகவலையும் சேர்த்து அழிக்கச் சொல்லாவிட்டால், பழைய புரொஃபைல் கணினியிலேயே தங்கிவிடும். புதிதாக நிறுவிய பிரவுசர் அதையே எடுத்துக்கொள்வதால் கெட்டுப்போன அமைப்பும் கூடவே திரும்பும். நிரல் கோப்புகளே சிதைந்திருந்தால் மட்டுமே மறு நிறுவல் உதவும். மற்ற நேரங்களில் ஒரு புதிய புரொஃபைலை உருவாக்கி அதில் சோதிப்பது விரைவானது. எல்லா பிரவுசர்களும் அடிக்கடி உறைந்து, மற்ற மென்பொருள்களும் அப்படியே நின்றால், கோளாறு பிரவுசரில் இல்லை. ரேம், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றைச் சோதிக்கக் கணினியைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.