கப்பலுக்கு முன்னே வரும் கணக்கு

காரைக்கால்மேட்டுக் கரையில் படகு வந்து ஒதுங்கும்போது அதில் என்ன மீன், எவ்வளவு மீன் என்பது கூடை இறங்கிய பின்னரே பிறருக்குத் தெரியவரும். கடல் கொடுத்ததைக் கரையில் எண்ணிக்கொள்வது நம் மீனவர் வழக்கம். தெற்கே கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலுக்கோ அந்தச் சலுகை கிடையாது. அதன் வயிற்றில் இருப்பது நிலக்கரியோ உரமோ, எத்தனை டன், எவர் அனுப்பியது, எவருக்கு உரியது என்னும் விவரம் யாவும் கப்பல் துறையை அடையுமுன்பே சுங்க இலாகாவின் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விமானத்துக்கும் இதே விதிதான்.

தறிக்கும் வயலுக்கும் இதனோடு என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நெய்தவர் கூலியும் விளைத்தவர் விலையும் சில வேளைகளில் இக்கணக்கின் ஒரே ஒரு வரியில் சிக்கி மாதக்கணக்காக நின்றுவிடுகின்றன. ஆகவேதான் இதனைச் சற்று விரிவாக எழுதப் புகுந்தோம்.

கப்பலோ விமானமோ சுமந்து வரும் சரக்கு முழுவதற்குமான பட்டியலை மேனிபெஸ்ட் என்பர். நாம் சரக்குப் பட்டி என்று சொல்லிக்கொள்வோம். சரக்கின் சொந்தக்காரர் கொடுக்கும் கணக்கு வேறு. சரக்கைச் சுமப்பவர் கொடுக்கும் கணக்கு வேறு. இவ்விரண்டையும் தனித்தனியே பெற்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் சுங்கத்தின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. பட்டியில் நூறு மூட்டை என்று எழுதித் தொண்ணூறு இறங்கினால், குறைந்த பத்துக்குச் சுமந்தவர் பதில் சொல்லியாக வேண்டும்.

1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, கப்பல் வந்து 24 மணி நேரத்துக்குள் பட்டியைக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. மாலுமித் தலைவரின் ஏஜெண்டு கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்துகொண்டு சுங்க மாளிகைப் படியேறிய காலம் அது. பிற்காலத்தில் அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு திருத்தப்பட்டது. கப்பலோ விமானமோ வந்து சேருமுன்பே, மின்வழியாக, ஐஸ்கேட் என்னும் சுங்க வாயிலின் மூலம் பட்டி அனுப்பப்படல் வேண்டும் என்பது இன்றைய விதி. தக்க காரணமின்றித் தாமதித்தால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மோசடி எண்ணமின்றி நேர்ந்த பிழையைத் திருத்திக்கொள்ளவும் அதே பிரிவு இடமளிக்கிறது. புறப்படும் சரக்குக்கு 41ஆம் பிரிவு இவ்வாறே புறப்பாட்டுப் பட்டியைக் கேட்கிறது. கடல்வழிச் சரக்குக்கென 2018இல் புதிய ஒழுங்குமுறை விதிகள் பிறந்து, 1971, 1976ஆம் ஆண்டுகளின் பழைய விதிகளை அகற்றின.

இவ்வூர்ப் பெரியவர்களுக்குச் சுங்கம் புதிதன்று. 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி கைமாறும்வரை, பக்கத்து ஊருக்குப் போவதே தேச எல்லையைக் கடப்பதாக இருந்தது. அந்நாளில் மூட்டையை அவிழ்த்துக் காட்டினார்கள். இன்று மூட்டை அவிழுமுன்பே அதன் கதை போய்ச் சேர்கிறது.

உள்ளே வரும் சரக்கை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். குடியானவருக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது. நீண்ட இழைப் பருத்தியில் ஒரு பகுதியும் அவ்வாறே. இறக்குமதி செய்வோர் தரும் நுழைவுச் சீட்டு, கப்பல் பட்டியின் எண்ணோடும் வரியோடும் பொருந்தினாலன்றிச் சரக்கு நகராது. கப்பல் வரும் நாளுக்கு முந்திய நாளுக்குள் அச்சீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. தவறினால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாயும், அதன்பின் பத்தாயிரம் ரூபாயும் கட்டணம். இத்தொகை கடைசியில் எவர் தலையில் விடியும் என்பதை உர மூட்டை வாங்குகிறவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நெசவாளரைப் பொறுத்தவரை வெளியே போகும் சரக்கே முக்கியம். ஒரு சங்கம் வரி செலுத்திக் கைத்தறித் துணியை ஏற்றுமதி செய்கிறது என்று கொள்வோம். செலுத்திய ஜி.எஸ்.டி. வரி திரும்பக் கிடைக்க வேண்டும். இதற்குத் தனி மனு வேண்டியதில்லை. ஏற்றுமதிச் சீட்டாகிய ஷிப்பிங் பில்லே மனுவாகக் கொள்ளப்படும். கேட்பதற்கு இது இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அம்மனு கொடுக்கப்பட்டதாக எப்போது கருதப்படும்? சங்கம் தன் வரிக் கணக்கை ஒழுங்காகக் கொடுத்திருப்பதோடு, கப்பல் கம்பெனியும் அந்தச் சீட்டின் எண்ணும் தேதியும் அடங்கிய புறப்பாட்டுப் பட்டியை அனுப்பியிருக்க வேண்டும். சுங்கத் திருப்பமாகிய டிராபேக் தொகைக்கும் அப்பட்டி வேண்டும். நம் பணம் நாம் எழுதாத ஒரு பட்டியில் தொங்குகிறது!

பிழை எங்கே நுழைகிறது? கன்டெய்னர் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அடையாளம் உண்டு. கடைசி இலக்கம் வெறும் எண் அன்று. முன்னுள்ள பத்தையும் ஒரு கணக்கின்படி பெருக்கிக் கூட்டிப் பெறும் காவல் இலக்கம். அவற்றுள் ஒன்று மாறினால் காவல் இலக்கம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதைச் சரிபார்க்க யாரேனும் வேண்டுமே! ஷிப்பிங் பில்லில் ஓர் எண்ணும் பட்டியில் வேறோர் எண்ணும் இருந்தால் கணினி பேசாமல் நிறுத்திவிடும். காரைக்கால் துறைமுகம் பெரிதும் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குக்கானது. துணிப் பெட்டிகள் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ செல்கின்றன. கோவைப் பக்கத்து இருகூர் போன்ற உள்நாட்டுச் சுங்க நிலையத்தில் முத்திரையிடப்பட்டுத் துறைமுகம் போகும் பெட்டிக்கு இரண்டு இடங்களில் எழுத்து. ஆகவே பிழைக்கும் இரண்டு வாசல். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் நாடெங்கும் ஏற்றுமதியாளரின் பணம் இவ்வகைப் பொருத்தமின்மையால் பெருமளவில் தேங்கிற்று. 2018 மார்ச்சில் அதைத் தீர்க்கவே தனியாக ஓர் இருவார முயற்சியைச் சுங்க இலாகா நடத்த நேர்ந்தது. பெரிய கம்பெனி கடன் வாங்கிச் சமாளிக்கும். சிறு சங்கத்தில் அத்தொகை அடுத்த பாவுக்கு வாங்க வேண்டிய நூல்.

பிற நாடுகளும் முன்கணக்குக் கேட்கின்றன. அமெரிக்காவுக்குப் போகும் பெட்டியின் விவரத்தை, அது கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே கப்பல் கம்பெனி அந்நாட்டுச் சுங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2002 டிசம்பரில் வந்த விதி இது. ‘பலதரப்பட்ட சரக்கு’ என்று மொட்டையாக எழுதினால் ஏற்கமாட்டார்கள். பருத்தியா பட்டா, விரிப்பா வேட்டியா என்று சொல்லியாக வேண்டும். 2010 அக்டோபரில் ஏமன் நாட்டிலிருந்து அச்சு இயந்திரத்தின் மைப்பெட்டிகளில் வெடிமருந்து வைத்து விமானத்தில் அனுப்பியது, இங்கிலாந்திலும் துபாயிலும் கண்டுபிடிக்கப்பட்டது. விமானத்தில் ஏற்றுமுன்பே விவரம் கேட்கும் வழக்கம் அதன்பின் தொடங்கி, 2018இல் அமெரிக்காவில் கட்டாயமாயிற்று.

திருச்சி விமான நிலையம் வழியாகக் காய்கறியும் பூவும் வெளிநாடு போகின்றன. சிறு விவசாயிகளின் பெட்டிகளை ஒரு முகவர் ஒன்றுசேர்த்து ஒரே பெரிய ரசீதில் அனுப்புவார்; உள்ளே ஒவ்வொருவருக்கும் சிறு ரசீது உண்டு. சிறு ரசீதில் எடை ஒன்றாகவும் பட்டியில் வேறாகவும் இருந்தால் தடை நேரும். துணி காத்திருக்கும், மல்லிகை காத்திராது.

ஆகவே சங்கக் காரியதரிசிகளுக்கு ஒரு வார்த்தை. பெட்டி புறப்பட்டதும் பில் ஆப் லேடிங் கைக்கு வந்துவிட்டது என்று கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள். புறப்பாட்டுப் பட்டியின் எண்ணையும் தேதியையும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் எண்ணைக் கொடுத்தால், பட்டி சேர்ந்ததா, பிழை ஏதும் உண்டா என்பதைப் பார்க்கலாம். பட்டியில் பிழை இருப்பின் அதைத் திருத்தக் கோரவேண்டியவர் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு. கோரவேண்டிய இடமும் சரக்கு கப்பலேறிய துறைமுகத்தின் சுங்க அலுவலகமே. வரித் திருப்பம் வரவில்லையென்று உள்ளூர் வரி அலுவலகத்துக்கு நடப்பதில் பயனில்லை.