பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டு

ஒரிகன் மாநிலத்தில் கோர்வாலிஸ், வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன். இரண்டுமே பல்கலைக்கழகத்தை நம்பி வாழும் சிறு நகரங்கள். 2023 செப்டம்பர் முதல் தேதி, 'பேக்-12' என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பில் இந்த ஊர்களின் பல்கலைக்கழகங்களான ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும் தனித்து நின்றன. மற்ற பத்துப் பல்கலைக்கழகங்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டுவிட்டன.

1915-ல் போர்ட்லாந்தில் நான்கு கல்லூரிகள் கூடிப் போட்ட விதை அது. ரயிலேறிப் போய் ஆடிவிட்டுத் திரும்பும் மேற்குக் கரைக் கல்லூரிகளின் ஏற்பாடு. 1959-ல் ஊழல் புகாரில் கலைந்து, புதுப் பெயரில் எழுந்தது. 1978-ல் அரிசோனாவின் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பத்தானது; 2011-ல் கொலராடோவும் யூட்டாவும் வரப் பன்னிரண்டு.

இந்த நிதானத்தைக் குலைத்தது தொலைக்காட்சி. கல்லூரிக் கால்பந்தின் (நம் கால்பந்தல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஒளிபரப்பு உரிமை ஒருகாலத்தில் என்சிஏஏ என்ற தேசிய அமைப்பின் பிடியில் இருந்தது. 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அன்றிலிருந்து கூட்டமைப்புகளே நேரடியாகப் பேரம் பேசின. பெரிய நகரத்துக் கல்லூரி கையில் இருந்தால் பெரிய தொகை.

2022 ஜூன் 30 அன்று பேக்-12-ல் இருந்த லாஸ் ஏஞ்சலிஸின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ பல்கலைக்கழகங்கள் இரண்டும் 'பிக் டென்' என்ற மற்றொரு கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த சில வாரங்களில் பிக் டென் ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தத்தை முடித்தது. பெயரில் பத்து, இன்று உறுப்பினர்கள் 18. பசிபிக் கரையோரத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 'அட்லாண்டிக் கரை' கூட்டமைப்பில்!

கால்பந்து அணிக்குப் பெரும்பாலும் வாரம் ஒரே ஆட்டம். வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் மாணவிகளுக்கு அப்படியில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பிக் டென் கல்லூரி ஒன்று இருக்கும் நியூஜெர்சிக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். ஆடி முடித்துப் பறந்து வந்து வகுப்பில் உட்கார வேண்டும். அவர்களுடைய ஆட்டங்களுக்காக யாரும் கோடிகளைக் கொட்டவில்லை. அலைச்சல் மட்டும் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. இது அநியாயம்.

கைவிடப்பட்ட இருவரும் நீதிமன்றம் சென்று கூட்டமைப்பின் நிர்வாகத்தைத் தங்கள் கையில் வாங்கினார்கள். பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் முதலியவற்றைச் சேர்த்து 2026-ல் மீண்டும் அணி திரட்ட முடிவெடுத்தார்கள். மற்றவர்களுக்கும் ஒரு வழி உண்டு: கால்பந்துக்கு மட்டும் தனிக் கூட்டமைப்பு அமைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாணவர்களைப் பக்கத்து ஊர்க் கல்லூரிகளோடு ஆடவிடுங்கள்.