எட்டுக் கஜத் தூரம்

சிறந்தவன் யார் என்று கேட்டால் அளந்து பார்த்து விடை சொல்லிவிடலாம். இன்றியமையாதவன் யார் என்று கேட்டாலோ அளவுகோலே கைநழுவிப் போய்விடுகிறது. விருந்துண்டு எழுந்தவர்கள் எல்லோரும் சமையற்காரரின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டே போக, விடியற்காலை முதல் விறகும் நீரும் அரிசியும் வேளை தவறாமல் வந்து சேரும்படி பார்த்துக்கொண்டவரை யாரும் நினைப்பதில்லை. அவர் ஒருவர் வராதிருந்தால் அன்று இலை போட்டிருக்கவே முடியாது என்பதும் யாருக்கும் தோன்றுவதில்லை. இந்தப் பழைய வழக்குத்தான் அமெரிக்க தேசத்தில் ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களில் ஒரு விளையாட்டுப் பரிசின் பெயரால் மறுபடியும் எழுந்து, செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் நண்பர் கூட்டங்களிலும் சூடு பறக்க விவாதிக்கப்படுகிறது. நேஷனல் புட்பால் லீக் என்னும் தொழில்முறைப் பந்தயத் தொடரில் 'மிக மதிப்பு வாய்ந்த ஆட்டக்காரர்' யார் என்பதே அந்த வழக்கு.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், கையால் எறிந்தும், 100 கஜ நீளமுள்ள களத்தில் எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே அவ்வாட்டத்தின் நோக்கம். பக்கத்துக்குப் 11 பேர் ஆடுவார்கள். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேறாத அணி பந்தை இழக்கும். எல்லையைக் கடந்தால் 6 புள்ளி, அது கைகூடாதபோது நட்டிருக்கும் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளி. முயற்சி தொடங்கியவுடன் பந்து போய்ச் சேர்வது பெரும்பாலும் குவார்ட்டர்பேக் என்பவர் கைக்கே. எதிரணியின் வியூகத்தை நொடிப்பொழுதில் உற்றுணர்ந்து, எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்று நிர்ணயிக்கும் அவரே அணியின் சேனாதிபதி. அவரிடம் பந்தை வாங்கிக்கொண்டு, மலை போன்ற மனிதர்களின் நடுவே சந்து கண்டு புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். சேனாதிபதிக்கும் காலாட்படை வீரனுக்கும் உள்ள இந்த ஸ்தான வேற்றுமையே பரிசைப் பற்றிய சர்ச்சைகளுக்கெல்லாம் மூலகாரணம்.

பரிசை வழங்குவது அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம். ஆட்டத்தைத் தொடர்ந்து கவனித்து எழுதியும் பேசியும் வரும் 50 பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிறார்கள். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு வாக்கு. 2022-ஆம் ஆண்டுப் பருவம் முதல் ஐந்து பேரை வரிசைப்படுத்தி எழுதித் தர, முதலிடத்துக்கு 10, அடுத்தடுத்த இடங்களுக்கு 5, 3, 2, 1 என்று புள்ளிகள் கூட்டப்படுகின்றன. முறையான லீக் ஆட்டங்கள் முடிந்ததும், கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று தொடங்குமுன்னரே வாக்குகள் சேர்ந்துவிடுவதால், பின்னால் நிகழும் வெற்றி தோல்விகள் கணக்கில் ஏறுவதில்லை. இவ்வளவு திட்டமாக விதிகளை வகுத்தவர்கள், 'மதிப்பு' என்னும் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் வகுக்கவில்லை. சாமர்த்தியமா, புள்ளிவிவரமா, அணிக்குத் தேடித் தந்த வெற்றியா, அவர் இல்லாவிட்டால் நேரக்கூடிய நஷ்டமா என்பது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகவே ஆட்டக்காரர்களைப் பற்றிய விவாதம்போல் தோன்றுவது உண்மையில் ஒரு சொல்லின் அர்த்தத்தைப் பற்றிய விவாதமே ஆகும்.

அந்தச் சொல்லுக்கு நடைமுறை தந்த அர்த்தம் பெரும்பாலும் 'குவார்ட்டர்பேக்' என்பதுதான். தடுத்தாடும் பக்கத்திலிருந்து இப்பரிசைப் பெற்றவர்கள் இருவரே: 1971-இல் ஆலன் பேஜ், 1986-இல் லாரன்ஸ் டெய்லர். வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டங்களாகச் சுருங்கிப்போன 1982-இல், பந்தை உதைப்பதொன்றையே தொழிலாகக் கொண்ட மார்க் மோஸ்லிக்குப் பரிசு சென்றது ஒரு விநோதம். எறிந்த பந்தைப் பிடிப்பவர்களுக்கோ இந்த நிறுவனத்தின் பரிசு ஒருமுறையேனும் கிட்டியதில்லை. 1987-இல் பன்னிரண்டே ஆட்டங்களில் 22 முறை பந்தைப் பிடித்து எல்லை கடந்த ஜெர்ரி ரைஸ் இருக்க, குவார்ட்டர்பேக் ஜான் எல்வேக்கே வாக்குகள் குவிந்தன.

இத்தகைய சம்பிரதாயத்துக்கு நடுவே எழுந்ததனால்தான் 2012-ஆம் ஆண்டின் வழக்கு தனிச்சுவை உடையதாகிறது. ஒருபுறம் பெய்ட்டன் மேனிங். அதற்குமுன் நான்கு முறை இதே பரிசை வென்றவர். கழுத்தில் அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு 2011 முழுவதும் களமிறங்காது, தம் பழைய அணியாகிய இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸால் விடுவிக்கப்பட்டு, 36 வயதில் டென்வர் பிராங்க்கோஸ் அணிக்கு வந்து, முந்தைய ஆண்டு எட்டு வெற்றியும் எட்டுத் தோல்வியுமாக நின்ற அவ்வணியைப் பதின்மூன்று வெற்றிகளுக்கு உயர்த்தியவர். மறுபுறம் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ரன்னிங் பேக் அட்ரியன் பீட்டர்சன்; 2011 டிசம்பர் 24 அன்று இடது முழங்காலின் தசைநார் அறுந்து வீழ்ந்தவர்; அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே எழுந்து வந்து, பதினாறு ஆட்டங்களில் 2,097 கஜம் ஓடி, மூன்றே வெற்றிகளோடு கிடந்த அணியைப் பத்து வெற்றிகளுக்கு இழுத்துச் சென்றவர். ஒரு பருவத்தில் மிக அதிகம் ஓடியவர் என்ற சாதனை 1984-இல் 2,105 கஜம் ஓடிய எரிக் டிக்கர்சனுடையது. அதைத் தொட எட்டே கஜம் குறைந்துபோயிற்று.

மேனிங்கின் கட்சியார் எடுத்து வைத்த வாதம் வலிமையானது. ஒருவரின் மதிப்பை அறிய அவரை நீக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தர்க்கம். 2010-இல் பத்து ஆட்டங்களில் வென்ற கோல்ட்ஸ் அணி, மேனிங் இல்லாத 2011-இல் இரண்டில் மட்டுமே வென்றது. ஓர் ஆட்டமும் ஆடாத ஆண்டில்தான் அவருடைய மதிப்பு முழுவதும் விளங்கிற்று என்று சொன்னாலும் தகும். ஆனால் அதே தராசை இன்னும் ஓராண்டு பிடித்திருந்தால் முள் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது: 2012-இல் ஆண்ட்ரூ லக் என்னும் புதுமுக இளைஞரைக் குவார்ட்டர்பேக்காக நிறுத்திய கோல்ட்ஸ், மேனிங் இல்லாமலேயே பதினொரு ஆட்டங்களில் வென்றது. அப்படியானால் முந்தைய ஆண்டில் அணி சரிந்தது மனிதர் இல்லாமையாலா, ஆசனம் காலியானமையாலா? அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்பது மெய்யே; ஆயினும் வேறோர் அச்சாணி பொருந்தியதும் தேர் ஓடுமாயின், பெருமையில் ஒரு பங்கு அந்தத் துவாரத்துக்கும் உரியதல்லவா? பீட்டர்சனுக்கோ அத்தகைய ஆசனம் கிடையாது. பந்தெறியும் ஆற்றல் மெலிந்திருந்த அணியில், அவர் ஓடப்போகிறார் என்பதை எதிரணி முழுவதும் அறிந்து காத்திருக்கையிலேயே, ஒவ்வோர் ஓட்டத்திலும் சராசரி 6 கஜம் அவர் முன்னேறினார். ஸ்தானம் தருகிற மதிப்பைக் கழித்துவிட்டு, அதற்குமேல் மனிதன் சேர்த்தது என்ன என்று பார்ப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். வாக்கு எண்ணிக்கையும் அவ்வாறே முடிந்தது: பீட்டர்சனுக்கு 30.5, மேனிங்குக்கு 19.5. முழு எண்ணாக வராதபடி தம் வாக்கை இரு கூறாக்கியவரின் மனத்தில் நிகழ்ந்த போராட்டமே இவ்வழக்கின் சாரம் எனலாம். மீண்டெழுந்த ஆட்டக்காரருக்கான பரிசு மேனிங்கைச் சேர்ந்தது.

அதற்குப்பின் சம்பிரதாயம் மறுபடியும் தன் ஆட்சியை நிலைநாட்டிக்கொண்டது. 2024-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் சேக்வான் பார்க்லி 2,005 கஜம் ஓடியும் மூன்றாமிடமே பெற்றார். போட்டி இரு குவார்ட்டர்பேக்குகளுக்கு இடையிலேயே நடந்தது. லமார் ஜாக்சன் 41 முறை பந்தெறிந்து எல்லை கடக்கச் செய்தார், ஜாஷ் ஆலன் 28 முறை. ஆண்டின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் என்று அசோசியேட்டட் பிரஸ் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்ததும் ஜாக்சனைத்தான். எனினும் 'மதிப்பு' என்று கேட்டபோது, 383-க்கு 362 என்ற புள்ளிக் கணக்கில் ஆலனே வென்றார். இதில் முரண்பாடு இருப்பதாகப் பலர் குறைகூறினார்கள். கேள்விகள் இரண்டாக இருக்கும்போது விடைகளும் இரண்டாவதில் ஆச்சரியம் என்ன?

சிறப்பும் மதிப்பும் வழி பிரிகிற இடத்தைக் காண விரும்புவோர், 2012 டிசம்பர் 30 அன்று மினியாபொலிஸ் நகரில் வைக்கிங்ஸ் அணியும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் மோதிய ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தை நினைத்துப் பார்க்கலாம். இரு அணிகளும் 34 புள்ளிகளில் சமமாக நிற்க, வென்றால்தான் வைக்கிங்ஸுக்கு அடுத்த சுற்று என்ற நிலையில், பீட்டர்சன் பந்தை வாங்கி 26 கஜம் ஓடினார். அன்று ஒருநாளில் அவர் ஓடியது 199 கஜம். அவர் நிறுத்தப்பட்ட இடத்துக்கும் எதிரியின் எல்லைக் கோட்டுக்கும் இடையே பத்துக் கஜத்துக்குச் சற்றே அதிகமான தரை கிடந்தது. டிக்கர்சனைத் தொடுவதற்கு வேண்டிய எட்டுக் கஜமும் அதனுள் அடக்கம். ஆனால் கடிகாரத்தில் எஞ்சியிருந்தவை சில நொடிகளே; அணிக்கு வேண்டியது ஓர் ஓட்டம் அன்று, மூன்று புள்ளிகள். பிளேர் வால்ஷ் களத்துக்குள் வந்து உதைத்தார். பந்து அந்த எட்டுக் கஜத்தின் மேலாகப் பறந்து கம்பங்களுக்கு இடையே புகுந்தது, நேரமும் முடிந்தது, ஆட்டம் 37-க்கு 34. பீட்டர்சனின் கணக்கு 2,097-லேயே நின்றது.